பொம்மைப் பையை வீட்டிலேயே வையுங்கள்: மெக்சிகோவில் குழந்தைகளுக்கு உதவப் போகிறவர்களுக்கு

முதல்முறை மெக்சிகோவின் எல்லை நகரமான திஹுவானாவுக்குப் போனபோது எங்கள் வண்டியின் பின்பக்கம் முழுக்கக் கரடி பொம்மைகள். சான் டியேகோவில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகள் விளையாடி அலுத்தது, பிறந்தநாளுக்கு வந்து பிரிக்காமலே கிடந்தது என்று மூன்று பெரிய பைகள் நிறையக் கட்டியிருந்தோம். ஒரு காசா ஓகார் வாசலில் இறக்கினோம். குழந்தைகள் இல்லத்துக்கு அங்கே அதுதான் பெயர். நிர்வாகம் பார்க்கும் அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். தரையிலிருந்து கூரை வரை பொம்மைகள். எங்களுடையதை வைக்க இடம் தேடவேண்டியிருந்தது. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “வண்டியில் போய் யாராவது ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கிவர முடியுமா? காலையிலிருந்து அடுப்பு எரியவில்லை.”

அன்றைக்கு நாங்கள் செய்த உருப்படியான வேலை அந்தச் சிலிண்டர்தான். அதற்குப் பிறகு பலமுறை போய், பல தப்புகளைச் செய்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். கலிபோர்னியா, டெக்சாஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள், மென்பொருள் வேலைக்காகக் குவாதலஹாராவிலும் மான்டெர்ரேயிலும் கெரெத்தாரோவிலும் குடியிருப்பவர்கள், சென்னையிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், எல்லோருக்கும் இதில் ஏதாவது பயன்படும்.

எந்த மாதிரி இடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“அனாதை இல்லம்” என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள். காசா ஓகாரில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்கள். வீட்டில் அடிதடி, போதை, சிறை, எல்லை தாண்டி வடக்கே போய்த் திரும்பாத அப்பா, இல்லையென்றால் வெறும் வறுமை. 2014 டிசம்பரில் வந்த குழந்தை உரிமைகளுக்கான பொதுச் சட்டம், குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும், அதுவும் முடிந்தவரை குறைந்த காலத்துக்கு என்று சொல்கிறது. அப்படியானால் ஒரு குழந்தை இல்லத்துக்கு வராமல் வீட்டிலேயே இருக்க உதவுவதும் குழந்தைக்குச் செய்யும் சேவைதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கமிருந்து வருவது நல்லது என்பது என் கட்சி.

அந்த வகையில் முதலில் பார்க்கவேண்டியது கொமெதோர். நம்மூர் சத்துணவுக் கூடம் போல, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காலையிலோ மதியமோ சாப்பாடு போடும் இடம். மாலையில் வீட்டுப்பாடம் சொல்லித்தரும் மையங்களும் உண்டு. அங்கே வரும் குழந்தை ராத்திரி தன் வீட்டுக்குப் போய்விடும். நீங்கள் வெங்காயம் நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம், கணக்குச் சொல்லித்தரலாம். யார் மனதும் நோகாது.

பாஹா கலிபோர்னியாவில் திஹுவானாவிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தெற்கே சான் கின்தின் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் நாம் வாங்கும் ஸ்ட்ராபெர்ரியும் தக்காளியும் நிறைய அங்கிருந்து வருகின்றன. பறிப்பவர்களில் பலர் வஹாகா மாநிலத்திலிருந்து வந்த மிஷ்தேக், திரிகி இன மக்கள். கூலி போதவில்லை என்று 2015 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திச் சாலையை மறித்தவர்கள் இவர்கள்தான். விடியும் முன்பே பெற்றோரைப் பண்ணை பஸ் ஏற்றிக்கொண்டு போய்விடும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? அதனால் அங்கே பகல்நேரக் காப்பகத்துக்கு இருக்கும் தேவை பெரிது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி. ஆறு மாதம் செயலியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்த எங்கள் நண்பர் ஒருவர் நாலு வயதுப் பெண்ணிடம் என்னென்னவோ கேட்டார். அவள் தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா மிஷ்தேக்கில் மொழிபெயர்த்தாள்.

திஹுவானாவிலேயே என்றால், இடம்பெயர்ந்து வந்து எல்லையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கான தங்குமிடங்கள் உண்டு. ஸ்கலாப்ரினி என்னும் கத்தோலிக்கச் சபையின் பாதிரியார்கள் 1987இல் தொடங்கிய காசா தெல் மிக்ராந்தே இவற்றில் பழையது. மெக்சிகோ சிட்டியில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து வரும் ஏழைப் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் மருந்தும் தரும் காசா தெ லா அமிஸ்தாத் இருக்கிறது. வருடக்கணக்கில் இழுக்கும் வைத்தியம் என்பதால் அங்கே மாதாமாதம் வரும் பணத்துக்கு மதிப்பு அதிகம்.

இல்லங்களில் பெயர்பெற்றது நுவெஸ்த்ரோஸ் பெக்கேஞோஸ் எர்மானோஸ். “எங்கள் சின்னத் தம்பி தங்கைகள்” என்று பொருள். 1954இல் குவெர்னவாகா நகரத்தில் ஒரு கோவில் உண்டியலில் திருடிய பையனைப் போலீஸ் பிடித்தது. பாதிரியார் வில்லியம் வாசன் புகார் கொடுக்க மறுத்து, அவனை என் பொறுப்பில் விடுங்கள் என்றார். சில நாளில் நீதிபதி இன்னும் எட்டுப் பையன்களை அனுப்பிவைத்தார். அந்த இல்லம் இன்று மொரேலோஸ் மாநிலத்தில் மியகத்லான் ஊரில் ஒரு பழைய கரும்புப் பண்ணை மாளிகையில் நடக்கிறது. மெக்சிகோ சிட்டியின் தாஸ்கேஞா பஸ் நிலையத்திலிருந்து குவெர்னவாகாவுக்கு அடிக்கடி பஸ் உண்டு. அங்கிருந்து மியகத்லான் போகவேண்டும். முன்கூட்டியே கேட்டு, சரி என்று பதில் வந்த பிறகு கிளம்புங்கள்.

நம்பலாமா என்று பார்ப்பது எப்படி

நிறையப் பேர் தாண்டிப் போய்விடும் படி இது. தாண்டக்கூடாது.

2014 ஜூலையில் மிச்சோவகான் மாநிலம் சமோராவில், அறுபது வருடத்துக்கு மேல் நடந்துவந்த பிரபலமான ஓர் இல்லத்துக்குள் மத்தியப் படைகள் நுழைந்தன. உள்ளே ஏறக்குறைய 600 பேர், அதில் 400க்கு மேல் குழந்தைகள். அழுகிய உணவு, எலி, அழுக்கு, அடி உதை என்று செய்திகள் வந்தன. நடத்திய அம்மையாருக்கு ஆதரவாக நாட்டின் பெரிய அறிஞர்கள் சிலர் குரல் கொடுத்ததும் நடந்தது. பெரிய மனிதர்கள் வந்துபோன இடம் என்பதால் மட்டும் ஒரு இல்லம் நல்ல இல்லம் ஆகிவிடாது.

சரி, வெளியூர்க்காரரான நீங்கள் என்ன பார்க்கமுடியும்? மெக்சிகோவில் குடும்ப நலத்துக்கான அரசு அமைப்புக்குப் பெயர் திஃப். தேசிய அளவில் ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று கிளைகள். 1977இலிருந்து இருக்கிறது. டாக்சி ஓட்டுநருக்குக்கூட “எல் திஃப்” என்றால் எங்கே என்று தெரியும். குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் மாநிலக் குழந்தைப் பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகத்தின் அனுமதியும் பதிவும் பெற்றிருக்கவேண்டும். அந்த அலுவலகத்துக்குப் ப்ரொகுரதூரியா தெ ப்ரொதெக்சியோன் என்று பெயர், பெரும்பாலும் திஃப்போடு ஒட்டியே இருக்கும். சட்டத்தின் மொழியில் இல்லத்துக்கு “சென்த்ரோ தெ அசிஸ்தென்சியா சோசியல்” என்று பெயர். “உங்கள் சென்த்ரோ பதிவு இருக்கிறதா?” என்று கேட்டாலே போதும். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சான்றிதழைச் சுவரில் மாட்டிவைத்திருப்பார்கள்.

இரண்டாவது வரித்துறை. அங்கே அதற்குச் சாத் என்று பெயர். நன்கொடை வாங்கி வரிவிலக்கு ரசீது தர அனுமதி பெற்ற அமைப்புக்குத் தொனதாரியா அவுதொரிசாதா என்பார்கள். அந்தப் பட்டியலைச் சாத் பொதுவில் வெளியிடுகிறது. அமைப்பின் பெயரோ அதன் வரி எண்ணோ இருந்தால் தேடிப் பார்த்துவிடலாம். பெயருக்குப் பின்னால் ஏ.சி. என்றோ ஐ.ஏ.பி. என்றோ இருந்தால் பதிவுபெற்ற சங்கம் என்று அர்த்தம். அதனாலேயே தொனதாரியா என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காகிதம் தவிர, நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “போன வருடம் எத்தனை பிள்ளைகள் தங்கள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்?” நல்ல இடத்தில் சமூகப் பணியாளரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது, மாமாவா பாட்டியா யார் முன்வந்திருக்கிறார் என்று அவருக்கு விரல்நுனியில் இருக்கும், பெயர் சொல்லாமல் சொல்வார். ஒரு தடவை இந்தக் கேள்விக்கு, “ஏன் திரும்பவேண்டும்? இங்கேயே நன்றாக இருக்கிறார்களே” என்று பதில் வந்தது. நாங்கள் அங்கே மறுபடி போகவில்லை.

இன்னும் சில அறிகுறிகள் உண்டு. அடையாள அட்டைகூடக் கேட்காமல் உள்ளே விடுகிறார்கள். பிள்ளையை ஐஸ்கிரீம் வாங்கித்தரக் கூட்டிப்போங்கள் என்கிறார்கள். வந்தவர்கள் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடச் சொல்கிறார்கள். இப்படி இருந்தால் கிளம்பிவிடுங்கள். உங்களை எளிதாக விடுகிறவர்கள் எல்லோரையும் அப்படித்தான் விடுவார்கள். உதவ வரும் வெளிநாட்டவர் கூட்டத்தை நம்பியே இல்லங்களில் பிள்ளைகளைச் சேர்த்துவைக்கும் வழக்கம் உலகின் பல இடங்களில் வளர்ந்ததால், 2019இல் ஐ.நா. பொதுச்சபையே தன் தீர்மானத்தில் அதைக் குறிப்பிடும் நிலை வந்தது.

தொடர்புகொள்வது

மின்னஞ்சல் எழுதலாம், பதில் வர வாரங்கள் ஆகலாம். மெக்சிகோ வாட்ஸ்அப்பில் ஓடும் நாடு. எண் கிடைத்தால் அதில் எழுதுங்கள். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலி போதும், சின்னச் சின்ன வாக்கியமாக. எத்தனை பேர் வருகிறோம், எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று நாலு வரி. கடைசியில் இதை மறக்காமல் சேருங்கள்: “கே லெஸ் ஆசெ ஃபால்தா?” உங்களுக்கு என்ன குறைகிறது என்று பொருள்.

“என்ன வேண்டும்” என்று கேட்டால் மரியாதைக்கு எதுவும் வேண்டாம், வந்தாலே போதும் என்பார்கள். “என்ன குறைகிறது” என்று கேட்டால்தான் வாய் திறக்கும்.

உங்களுக்குத் தெரிந்த வேலையைச் சொல்லும்போது வெட்கப்படாதீர்கள். எக்செல் தெரியும் என்பதும் வேலைதான். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து ஓர் இல்லத்தின் சரக்கறைக் கணக்கை எக்செல் தாளில் ஒழுங்குபடுத்தித் தந்தார். எந்தப் பொருள் எப்போது தீரும் என்று ஒரு மாதம் முன்பே தெரிகிறது என்று அந்த அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பிளம்பிங், மின்சாரம், தையல், பல் வைத்தியம் எல்லாம் பொன். குழந்தைகளோடு விளையாடத் தெரியும் என்று மட்டும் எழுதினால், ஏற்கெனவே நீளமாக இருக்கும் அந்த வரிசையில் கடைசி ஆளாக நிற்பீர்கள்.

நாலு வாரம் தங்கி வேலை செய்வதாக இருந்தால் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று கேட்பார்கள். கேட்கவேண்டும்.

பாஸ்போர்ட்டும் எல்லையும்

இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவருக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் தனி மெக்சிகோ விசா வேண்டியதில்லை. கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களுக்கும் இதே சலுகை. கிரீன் கார்டு இருந்தாலும் சரி.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி, அமெரிக்காவில் தங்க அனுமதிக்கும் ஐ-94 பதிவு மட்டும் செல்லுபடியாக இருந்தால், 30 நாளுக்குள் மெக்சிகோ போய்த் திரும்ப அமெரிக்கா அனுமதிக்கும் விதி உண்டு. அதை நம்பிக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் மெக்சிகோவுக்குள் நுழைய அந்தக் காலாவதி முத்திரை உதவாது, மெக்சிகோ விசா எடுக்கவேண்டும். திரும்பி வரும் விதி வேறு, உள்ளே போகும் விதி வேறு. மாணவர்கள் ஐ-20 என்னும் கல்லூரிச் சான்றில் பயணக் கையெழுத்து வாங்கியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் வாரத்தில் ஒருதரம் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள்.

ஊதியமில்லாத சேவைக்குப் பார்வையாளராகவே நுழையலாம். அதிகபட்சம் 180 நாள். எத்தனை நாள் என்பதை எல்லையில் இருக்கும் அதிகாரி எழுதுவார், எழுதியதை அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள்.

சான் டியேகோவிலிருந்து போக எளிய வழி, டிராலி என்னும் நகர ரயிலின் நீலத் தடத்தில் கடைசி நிறுத்தம் சான் இசித்ரோ வரை போய், நடந்து எல்லை தாண்டுவது. அந்தப் பக்கத்தில் இல்லத்தின் ஆளே வந்து கூட்டிப்போவார். காரில் போனால் அமெரிக்கக் காப்பீடு அங்கே செல்லாது. மெக்சிகோ காப்பீடு ஒரு நாளுக்குக்கூட இணையத்தில் வாங்கலாம். இல்லாமல் விபத்தில் சிக்கினால், பொறுப்பு யாருடையது என்று முடிவாகும் வரை உங்களைப் பிடித்து வைக்கமுடியும். என்செனாதா பக்கம் போகிறவர்கள் கட்டணச் சாலையில் போங்கள், கடலோரமாக அழகான பாதை. இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடவேண்டும் என்பது எங்கள் குழுவின் மாறாத விதி. அவசர உதவிக்கு அங்கேயும் 911தான். சாலையில் வண்டி நின்றால் 078, பச்சை வண்டியில் வருவார்கள்.

திரும்பி வரும்போது சான் இசித்ரோவில் ஞாயிறு மாலை மணிக்கணக்கில் நிற்க நேரிடும். திங்கள் காலை கூட்டம் இருக்கிறது என்பவர்கள் சனிக்கிழமை போய்வாருங்கள்.

என்ன கொண்டுபோவது

கூடுமானவரை ஒன்றும் வேண்டாம். பழைய துணி மூட்டையைச் சுங்கத்தில் நிறுத்துவார்கள், பயன்படுத்திய துணியை உள்ளே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. மருந்துகளும் சிக்கல்தான். நிறையப் பொருளோடு போய், சோதனைக்கு நில் என்று சுங்கத்தில் சிவப்பு விளக்கு விழுந்தால் அரை நாள் போச்சு.

பணத்தோடு போங்கள், அங்கே வாங்குங்கள். திஹுவானாவில் தெருவுக்குத் தெரு காலிமாக்ஸ் பல்பொருள் கடை இருக்கிறது. சொரியானா, போதேகா ஔரேரா, காஸ்ட்கோகூட உண்டு. இல்லத்தின் சமையல்காரரையும் கூட்டிப்போனால் எந்த மொச்சை சீக்கிரம் வேகும், எந்த எண்ணெய் மலிவு என்று அவரே எடுத்துப் போடுவார். நாங்கள் ஒருமுறை நல்லெண்ணத்தில் பாஸ்மதி வாங்கிப்போனோம். “இது உதிர்ந்து உதிர்ந்து போகிறதே, தக்காளி போட்டு வதக்கினால் ஒட்டவே மாட்டேன் என்கிறது” என்று அவருக்கு வருத்தம்.

நகரத்தின் ஓரக் குடியிருப்புகளுக்குப் போனால் ஒன்றைக் கவனிப்பீர்கள். கலிபோர்னியாவில் கழற்றிப்போட்ட கராஜ் கதவுகள்தான் பல வீடுகளுக்குச் சுவர். மலைச்சரிவு சரியாமலிருக்கப் பழைய டயர்களை அடுக்கி மண் நிரப்பியிருப்பார்கள். குழாய்த் தண்ணீர் வராத தெருக்களுக்குப் பீப்பா என்னும் லாரி வந்து கூரைமேல் இருக்கும் கறுப்புத் தொட்டியை நிரப்பிப் போகும். அந்தத் தொட்டியை எல்லோரும் ரோட்டோப்ளாஸ் என்றுதான் சொல்வார்கள், நாம் சின்டெக்ஸ் என்பது போலவே. ஒரு லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுப்பது புகைப்படத்துக்கு ஏற்ற உதவி இல்லை. ஆனால் அந்த வாரம் எல்லோரும் குளிக்கலாம்.

போன இடத்தில்

உள்ளே நுழைந்ததும் முதலில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. மெக்சிகோவில் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு கையசைப்பு என்பது மரியாதைக் குறைவு. “புவெனோஸ் தியாஸ்” காலைக்கு, “புவெனாஸ் தார்தெஸ்” மதியத்துக்குப் பிறகு. யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் “ப்ரோவேச்சோ” (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று சொல்லிவிட்டுத் தாண்டவேண்டும். பல இல்லங்களில் பிள்ளைகள் பராமரிப்பாளரைத் தீயா என்பார்கள், அத்தைக்கும் சித்திக்கும் ஒரே சொல். உங்களையும் அப்படிக் கூப்பிடுவார்கள். நீங்கள் கூப்பிட்டால் “மாந்தே?” என்று பதில் வரும். “சொல்லுங்க” என்பது போன்ற பணிவான சொல். “ஆஓரித்தா” என்று யாராவது சொன்னால் இப்போதே என்று அகராதி சொல்லும். நம்மூர் “தோ, வந்துட்டேன்” எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

பிள்ளையின் கதையைக் கேட்காதீர்கள். அம்மா எங்கே, ஏன் இங்கே வந்தாய் என்பதெல்லாம் நம் வாயில் தானாக வரும் கேள்விகள். சமூகப் பணியாளரிடம் பலமுறை சொல்லி அலுத்த கதையை, நாலு மணி நேரத்தில் போய்விடப்போகிற உங்களிடம் ஏன் சொல்லவேண்டும்? எந்தக் குழந்தையோடும் தனியறையில் இருக்கவேண்டாம், கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும் இடத்தில் இருங்கள். “அடுத்த மாதம் வருகிறேன்” என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள், நிச்சயமாக வருவதாக இருந்தாலொழிய. பிள்ளைகள் தேதி எண்ணுவார்கள்.

புகைப்படம் கூடாது. அந்த 2014 சட்டம் குழந்தையின் முகத்துக்கும் அந்தரங்கத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. முதுகுப் பக்கம் எடுத்தேன், முகத்தை மறைத்தேன் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதற்கும் முன்னால் நிர்வாகியைக் கேளுங்கள். பாதுகாப்புக்காகவே இல்லத்தில் ஒளித்துவைக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. அந்தச் சுவரின் நிறத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் வெளியே இருக்கலாம்.

விளையாட்டு வேண்டுமானால் லோதெரியா பெட்டி ஒன்று வாங்கிப்போங்கள், மலிவுதான். நம் தம்போலா மாதிரி, எண்ணுக்குப் பதில் படங்கள்: சேவல், சீமாட்டி, நிலா, கள்ளிச்செடி. ஒருவர் அட்டையை எடுத்துக் கத்த, மற்றவர்கள் தங்கள் பலகையில் மொச்சைக்கொட்டை வைப்பார்கள். மொழியே வேண்டாம். நீங்கள் “எல் காய்யோ” என்பதைத் தப்பாக உச்சரித்தால் முப்பது பிள்ளைகள் சேர்ந்து திருத்துவார்கள், அதைவிட நல்ல ஸ்பானிஷ் வகுப்பு கிடையாது. பிஞாத்தா கட்டினால் நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம். கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிதான்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நம் ஆட்களுக்கு இல்லம் என்றால் பிறந்தநாள் அன்னதானம்தான் நினைவுக்கு வரும். நாங்களும் எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டு போனோம். பாத்திரத்தைத் திறந்ததும் பராமரிப்பாளர் முகம் மாறிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாது. அத்தனை சாதமும் பெரியவர்கள் பங்குக்குப் போயிற்று. அங்கே அவர்கள் சமையலறையில் அவர்கள் சொன்னதைச் செய்யுங்கள், அது போதும். உறவு கொண்டாட வேறு வழி இருக்கிறது: உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தையும், காரம் போட்ட புளி மிட்டாயும் அந்தப் பிள்ளைகளுக்கு உயிர். மெரினாவில் தின்று வளர்ந்தவர்களுக்கு அதில் பேச நிறைய இருக்கும்.

குடிக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். கர்ராஃபோன் என்ற பெரிய தண்ணீர்க் கேனிலிருந்து குடியுங்கள், அதிலும் உங்கள் பங்குக்கு ஒரு கேன் வாங்கிவைத்துவிடுங்கள்.

பணம் அனுப்புவது

ஆடிக்கொரு முறை அமாவாசைக்கொரு முறை அனுப்பும் பெரிய தொகையைவிட மாதாமாதம் வரும் சின்னத் தொகைதான் நிர்வாகிக்கு நிம்மதி. சமையல்காரர் சம்பளமும் மின்கட்டணமும் மாதாமாதம்தானே வருகின்றன? “என் பணம் நிர்வாகச் செலவுக்குப் போகக்கூடாது, குழந்தைக்கே போகவேண்டும்” என்று நிபந்தனை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ராத்திரி ஜுரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பராமரிப்பாளரின் சம்பளம் யார் செலவு?

அமெரிக்காவில் இருப்பவர்கள், அந்த அமைப்புக்கு இங்கே 501(சி)(3) என்னும் தொண்டு நிறுவனப் பதிவுள்ள துணை அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து அதன் வழியாகக் கொடுங்கள். மெக்சிகோ சங்கத்துக்கு நேரடியாகக் கொடுத்தால் பொதுவாக இங்கே வரிவிலக்குக் கிடைக்காது. அலுவலகம் சமத்தொகை சேர்த்துத் தரும் திட்டமும் இப்படிப் பதிவு இருந்தால்தான் பெரும்பாலும் செல்லும். மெக்சிகோவில் வரி கட்டுகிறவர்கள் தொனதாரியாவிடம் ரசீது வாங்குங்கள், முந்தைய ஆண்டு வருமானத்தில் 7 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் வழியாக அனுப்ப வழி உண்டு, ஆனால் நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை இதற்கு இல்லை.

மெக்சிகோ வங்கிக் கணக்குக்கு அனுப்பக் க்லாபே என்ற 18 இலக்க எண் வேண்டும். கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். அவசரம், ஓக்ஸோ கடையில் போய் இந்தக் கார்டு எண்ணில் போடுங்கள் என்று ஒரு தனியாள் பெயர் வந்தால், நிறுத்திவிட்டு நிர்வாகிக்கு போன் போடுங்கள்.

காலமும் பாருங்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை போசாதா என்னும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள், ஏப்ரல் 30 குழந்தைகள் தினம். இந்த நாட்களில் பொம்மையும் கேக்கும் வந்து குவியும். பிப்ரவரியில் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். திஹுவானாவில் அதுதான் மழையும் குளிரும் சேறும். கம்பளியும் கேஸும் அப்போதுதான் தேவை.

அதற்கடுத்த நெருக்கடி ஆகஸ்ட். மாதக் கடைசியில் பள்ளி திறக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் நீளமான பட்டியல் வரும்: நோட்டு, வண்ணப் பென்சில், பசை. ஊத்திலெஸ் என்பார்கள். சீருடை வேறு. மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஸ் காசு தினமும் வேண்டும், படிப்பு நிற்பது பல வீடுகளில் அங்கேதான். எங்கள் குழு இப்போது ஜூலையிலேயே இல்லத்து நிர்வாகி அம்மாவுக்கு எழுதிவிடுகிறது. பட்டியல் வரும், கூடவே கறுப்புப் பள்ளி ஷூக்களின் அளவும் வரும். மெக்சிகோவில் ஷூ அளவு சென்டிமீட்டரில். போன தடவை ஒரு பையனுக்கு 23 என்று எழுதியிருந்தது. கடையில் போய் நின்றபோது இன்னொரு செய்தி: “23 இல்லை, 24 வாங்குங்கள். நேற்று மறுபடி அளந்தோம், வளர்ந்துவிட்டான்.”